பதினோரு காத்தாடிகள்

பூந்தோங், ஈப்போ.
ஜூன் 2, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் ஒரே தங்கச்சி தினேஸ்வரி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருக்கிறோம். ‘நலமாக’ என்ற சொல்லை முன்னால் சேர்க்கலாமா வேண்டாமா என்று கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள்.

வீட்டு ஆட்கள் எல்லாருடைய நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாய். அப்பாவைப் பண்ணியது சரி, கோபம். அம்மாவைப் பண்ணியது பாவம்லா. என்னை எதற்கு? நான் அனுப்புகிற பூனை வீடியோ சிங்கப்பூரில் உனக்கு என்ன கெடுதல் செய்தது? ஆனால் பார், போஸ்ட்மேனைப் பிளாக் பண்ணுவதற்கு இன்னும் யாரும் பட்டன் கண்டுபிடிக்கவில்லை. உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிக்காதே. தர்மா அண்ணன் தான். கூட்டாளியைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அம்மா சுட்ட முறுக்கு ஒரு டப்பா. நெஞ்சு தானாக இறங்கிவிட்டது.

அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலாம். நாலாவது மாடி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பெயர் சொல்கிறார். லிப்ட் மறுபடி கெட்டுப் போனதால் இப்போது நம் வீட்டில் பக்தி அதிகம். என் பரீட்சை முடிந்தது. கணக்கில் என்ன வாங்கினேன் என்று நீ கேட்க முடியாது, பிளாக் பண்ணியிருக்கிறாய். அதில் எனக்கு லாபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை, எனக்கு அண்ணியாக வரவேண்டிய சுபாஷினி அக்கா தைப்பிங்கிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து, என் டியூஷன் வாசலில் நின்றார். ‘உங்க அப்பா முன்னாடியே எங்க அப்பா அப்படிச் சொன்ன பிறகு எந்த மூஞ்சியோட உன்னைக் கேட்பேன், என்னை மறந்துடு’ என்று நீ மெசேஜ் போட்டிருக்கிறாயாம். அக்கா அதை என்னிடம் காட்டினார். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அவர் போன பிறகு நான் டியூஷனுக்குள் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். பூனை வீடியோவில் ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

அண்ணே, அன்றைக்கு அப்பாவின் காத்தாடிகளை நீ கொடுக்கவில்லை. உனக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், கொடுத்தது நான்.

கடிதத்தைக் கசக்காதே. இன்னும் இருக்கிறது.

அக்காவும் அவர் அப்பா அம்மாவும் முதல் தடவை நம் வீட்டைப் பார்க்க வருகிற நாள். நடைவழியில் அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர், அட்டைப்பெட்டி எல்லாம் மலை மாதிரி இருந்ததால் நீ பழைய பேப்பர் எடுக்கிற பேப்பர் லாமா லாரியைக் கூப்பிட்டாய். அந்த மலைக்குப் பக்கத்தில்தான் பதினோரு கரண்டுக் காத்தாடி. பிளாட் ஆட்கள் ரிப்பேருக்குக் கொடுத்தது, ஒவ்வொன்றிலும் அப்பா டேப் ஒட்டி, பெயரும் வீட்டு நம்பரும் எழுதி வைத்தது. லாரிக்காரனிடம் நீ விரலை நீட்டி, பேப்பரும் அட்டையும் மட்டும், காத்தாடியைத் தொடாதே என்று சொன்னதை நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். கேட்டதும் என் மூளை சுற்ற ஆரம்பித்துவிட்டது. அது அப்படித்தான், சுவிட்ச் போடாமலே சுற்றும்.

ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் ‘அம்பில், பெர்ச்சுமா’, அதாவது எடுத்துக்கோங்க, இலவசம் என்று எழுதி காத்தாடிக் குவியலின் மேல் மாட்டினேன். அவர்கள் தூக்கப் போவார்கள், நீ ஐயோ ஐயோ என்று குதிப்பாய், அதைப் படம் பிடித்து உன் கல்யாணத்தில் பெரிய திரையில் போடலாம். அவ்வளவுதான் திட்டம். போன் கேமராகூடத் தயார்.

அந்த நேரம் பார்த்து அம்மா என்னை ஐஸ் வாங்கக் கீழே அனுப்பினார். அந்த நேரம் பார்த்து சுபாஷினி அக்கா வழி தெரியாமல் கோயில் பக்கம் நிற்கிறேன் என்று உனக்குப் போன் பண்ணினார், நீயும் ஓடிவிட்டாய். நான் ஐஸோடு ஏறி வந்தபோது நடைவழி கூட்டிப் பெருக்கியதுபோல் இருந்தது. ஐஸ் உருகிச் சொட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். அப்பா வேலை முடிந்து வந்தார். காத்தாடி எங்கே என்றார். நான் கொடுக்கவில்லை என்று நீ சொன்னாய். பொய் வேற சொல்றியா என்றார். அதோடு விட்டிருக்கலாம். அக்காவின் அப்பா விஸ்வலிங்கம் மாமாவைப் பார்த்து, பழசானதெல்லாம் குப்பைன்னு நினைக்கிறவன் இவன், பொண்ணு குடுக்கிறதுக்கு முந்தி நல்லா யோசிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டார். அப்போது நான் கதவு ஓரம் சிராப் சர்பத் தட்டோடு நின்றேன். ஐந்து கிளாஸ். அண்ணன் இல்லை, நான்தான் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ஒன்று போதும். நாள் முழுக்கப் பேசுகிற வாய்க்கு அந்த ஒன்று வரவில்லை. நீ எழுந்து போய், சிங்கப்பூரும் போய்விட்டாய்; மூன்று மாதமாகியும் வரவில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயம். முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன், நீ தூரத்தில் இருக்கிறாய், கை எட்டாது.

ஜூன் 6, சனிக்கிழமை.

இந்தக் கடிதம் நாலு நாளாக என் வரலாற்றுப் புத்தகத்துக்குள் கிடக்கிறது. அனுப்பினால் நீ அப்பாவுக்குப் போன் பண்ணுவாய், அப்பா என்னைப் பார்ப்பார். அதனால் அனுப்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், இனிமேல் உண்மை மட்டும்தான் என்று ஒரு நேர்த்திக்கடன்.

நீ போன பிறகு வீடு எப்படி இருக்கிறது தெரியுமா? நம் வீட்டுக் காத்தாடி மூன்றையும் அப்பா கழற்றி, காத்தாடி தொலைந்த வீடுகளில் கைக்குழந்தை இருக்கிற மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது நாங்கள் அட்டையால் விசிறிக்கொள்கிறோம். அம்மா ஒரு அட்டை, நான் ஒரு அட்டை, அப்பாவுக்கு வேர்வை. ஒரு காலத்தில் இந்த பிளாட் முழுக்க அப்பாவுக்கு விசிறிகள் இருந்தார்கள். இப்போது மாடிப்படியில் அவரைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்கள். மூன்றாவது மாடி முத்தம்மா அத்தை மட்டும் மாற்றவில்லை. என் காத்தாடியை வித்துத் தின்னுட்டியா ராமையா என்று நேராகவே கேட்டார். ஒரு காலத்தில் தோட்டத்து ஸ்டோரில், அதாவது ரப்பர் ஆலையில், மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்த்த அப்பா, அன்றோடு ரிப்பேர் வேலையை நிறுத்திவிட்டார். டூல் பெட்டி கட்டிலுக்கு அடியில்.

அதில் ஒன்று கவனித்தேன். அப்பா நிறுத்தியதும், கீழே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் காத்தாடிகள் வர ஆரம்பித்தன. முதல் வாரம் இரண்டு. அப்புறம் சோறாக்கும் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மறுபடி காத்தாடி. முன்பெல்லாம் கெட்டுப் போனால் ராமையாகிட்டக் குடு என்பார்கள். இப்போது மலிவாக ஒன்று வாங்கி, பழையதைத் தொட்டி ஓரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். மழை பெய்தால் எல்லாம் நனைந்து, துருத்தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அப்பா வேலைக்குப் போகும்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடப்பார்.

நான் முதலில் தர்மா அண்ணன் வேனில் பழைய இரும்புக் கடைகளாகத் தேடினேன். மூன்றாவது கடை, கோப்பெங் போகிற வழியில். கடை முதலாளி தவுக்கே என் கதையைக் கேட்டுச் சிரித்தே சிரித்தார். ரெண்டு மாசத்துக்கு முந்தின காத்தாடியா, அதோட செம்பு இந்நேரம் கப்பல் ஏறியிருக்கும், இறக்கை எல்லாம் அரைச்சு வாளியாகியிருக்கும், உங்க வீட்டு வாளியைக் கேட்டுப் பாரு என்றார். பின்கட்டைக் காட்டினார். செம்புக் கம்பி ஒரு குவியல், இரும்புக் கூண்டு ஒரு குவியல், பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாக. ஒரு காத்தாடியை உரிக்க எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒரு ஆளிடம் காட்டச் சொன்னார். என் சடையைப் பின்னுகிற நேரம்கூட இல்லை, அண்ணே. அப்பா ஒன்றைச் சரிபார்க்க இரண்டு சாயங்காலம் எடுப்பார்.

ஒரே ஒரு அடித்தட்டு மட்டும் கிடைத்தது. ஒரு மூலையில், குடை நடுகிறதுக்காக வைத்திருந்தார்கள். அதில் அப்பாவின் டேப். ‘முத்தம்மா 3-7’. தவுக்கேயிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். ஏதாவது பேய்ப்படத்தில் வருகிற மாதிரி அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்து என்னைப் பார்த்தது.

அப்புறம்தான், காணாமல் போனது கிடைக்காது, தொட்டியில் இருக்கிறது கிடைக்குமே என்று தோன்றியது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒன்றைத் தூக்கினேன். தர்மா அண்ணன் வீட்டுப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் பதினாலு சேர்ந்தது. நானே ரிப்பேர் பண்ணுகிறேன் என்று ஒன்றைத் திறந்தேன். கரண்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தது. தர்மா அண்ணன் பயந்துபோய், இனிமே இந்தக் கொட்டகைக்குப் பூட்டு என்றார். ஆக, எனக்கு அப்பா வேண்டும். அப்பா வேண்டுமென்றால் உண்மை வேண்டும்.

இன்றைக்கு அப்பாவுக்கு லீவு. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த அடித்தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். எனக்கு விழும் என்று பார்த்தேன். விழவில்லை. அப்பா டீயைக் கீழே வைத்தார். நான் அவனைப் பேசினப்போ நீ எங்க நின்னே என்று கேட்டார். கதவு ஓரம் என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சொன்னான், நான் கொடுக்கலைப்பான்னு சொன்னான் என்று சொன்னார். என்னிடம் இல்லை, அந்த டேப்பைப் பார்த்துச் சொன்னார். மறுபடி, பொய் சொல்லலை அவன் என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

எங்கேயோ போய்விட்டார் என்று அம்மா கத்த ஆரம்பித்தார். பத்து நிமிஷம். தொட்டி ஓரம் கிடந்த காத்தாடி, கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். ஸ்குரூ டிரைவர் எங்கே என்று கேட்டார். இன்னும் பதினாலு இருக்குப்பா என்றேன். அப்போதுதான் திட்டினார். நல்ல திட்டு, அண்ணே. நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய்.

ஜூன் 15, திங்கட்கிழமை.

கை முழுக்கக் கிரீஸ், அதனால் இந்தப் பக்கத்தில் விரல் அடையாளம் இருக்கும். போலீஸுக்குக் கொடுத்துவிடாதே.

பதினாறு செத்த காத்தாடியிலிருந்து பதினோரு உயிருள்ள காத்தாடி வந்துவிட்டது. அப்பா பிரித்தார், நான் கழுவினேன், அம்மா எண்ணெய் விட்டார். பாதிக்குப் பெரிய வியாதியே இல்லை. கப்பாசிட்டர் என்று விரல் அளவு சாமான் ஒன்று போயிருக்கும், இல்லையென்றால் முடி சுற்றி இறுகியிருக்கும். இதற்குத்தான் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மறுசுழற்சி, மறுசுழற்சி என்று போஸ்டர் எழுத வைக்கிறார்களே, எனக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. நின்று போனது மறுபடியும் சுழல்வது. ஆசிரியரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. நீ சிரிப்பாய்.

ஆனால் பார்ப்பதற்கு எல்லாம் கலப்புக் கல்யாணம். நீல இறக்கை, வெள்ளைக் கூண்டு, பச்சை அடித்தட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் அப்பாவே கொண்டுபோனார், என்னையும் இழுத்துக்கொண்டு. வாசலில் நின்று நான் சொல்ல வேண்டும்: நான் செய்த வேலை, எங்க அண்ணன் கொடுக்கலை, மன்னிச்சுக்கோங்க. பதினோரு வாசல், பதினோரு தடவை. ஆறாவது வீட்டில் குரல் போய்விட்டது. பிச்சைமுத்து மாமா தண்ணீர் கொடுத்து, சொல்லி முடிச்சுட்டுக் குடிம்மா என்றார்.

முத்தம்மா அத்தை தன் அடித்தட்டை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். மேலே இருப்பது என்னுடையதில்லையே என்றார். ஓட விட்டுப் பார்த்தார். பழையதைவிட நல்லா வீசுதே, முந்தியே திருடிக்கொண்டு போயிருக்கலாமே என்றார். அப்பா சிரித்துவிட்டார், அண்ணே. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. அதையும் நீ பார்க்கவில்லை.

அப்புறம் நேற்று ஞாயிற்றுக்கிழமை தைப்பிங் போனோம். நானும் அப்பாவும், ரயிலில். மிச்சச் சாமானில் அப்பா பன்னிரண்டாவதாக ஒரு சின்ன மேசைக் காத்தாடி செய்திருந்தார். அதைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழத்தட்டு கொண்டுபோக வேண்டிய இடத்துக்குக் காத்தாடியா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கோலா கங்சார் தாண்டுகிற வரைக்கும் அப்பா அந்தப் பேப்பரைப் பிரித்துப் பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். தாண்டியதும், நான் முதல்ல சொல்லட்டுமா, நீ முதல்ல சொல்றியா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்கிற இரண்டு பேர் மாதிரி இருந்தோம்.

தைப்பிங்கில் மழை, வேறென்ன. விஸ்வலிங்கம் மாமா கதவைத் திறந்து, நனைந்து நின்ற எங்களைப் பார்த்து, உள்ளே வாங்கோ என்றார். அவ்வளவுதான். நான் நடந்ததைச் சொன்னேன். அப்பா உட்காரவே இல்லை. என் மகன் எதையும் தூக்கிப் போடலை, நான்தான் அவன் சொன்னதைத் தூக்கிப் போட்டேன், அன்னைக்கு நான் பேசினதை நீங்க மறந்துடணும் என்று சொன்னார். எழுதி வைத்துப் பாடம் பண்ணினாரா என்று தெரியவில்லை.

மாமா ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தன் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்: நீங்கள் சொன்னதை நான் அன்றைக்கே பெரிசாய் எடுக்கேல்லை, கோபத்தில் தகப்பன் சொல்லுறதுதான். ஆனால் பெடியன் எழும்பிப் போனது எனக்குப் பிடிக்கேல்லை. என்ர பிள்ளையிட்டையும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவர். பிழை செய்யாதவர் ஏன் ஓட வேணும்? அவர் வந்து என்னோடை கதைக்கட்டும், பிறகு பார்ப்பம். அண்ணே, இதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து இனிப்புச் சேர்க்கவில்லை.

அக்காவின் அம்மா அன்னபாக்கியம் அத்தை காத்தாடியைப் பிரித்து, இந்த மழை ஊரில் இதுக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டார். சுற்றியது. மேசையில் இருந்த பேப்பர் எல்லாம் பறந்தது. யாரும் நிறுத்தவில்லை.

சுபாஷினி அக்கா எங்களோடு அதிகம் பேசவில்லை. ரயில் நிலையத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். வழியில், உங்க அண்ணன் ஒழுங்கா சாப்பிடுறாரா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்ல மனசில்லாமல், சாப்பிடுறார் அக்கா, மூன்று வேளையும் என்றேன். நேர்த்திக்கடன் அங்கே உடைந்தது. அதனால் நீ ஒழுங்காகச் சாப்பிட்டு அதை உண்மையாக்கிவிடு.

இப்போது என் பக்கம் முடிந்தது. அப்பா பக்கமும் முடிந்தது. இனி நீதான். என் மேல் கோபப்படு, நியாயம். நேரில் வந்து கோபப்படு. குட்டு வாங்கத் தலையைக் கழுவி, சீவி வைத்திருக்கிறேன். தைப்பிங் வீட்டு வாசலில் நீ தனியாக நிற்க வேண்டாம், நாங்கள் வருகிறோம். கூட வந்து நான் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன். முயற்சி பண்ணுகிறேன்.

அம்மா உன் துணிகளையெல்லாம் எடுத்து வெயிலில் போட்டு மறுபடி மடித்து வைக்கிறார். கேட்டால் பூச்சி என்கிறார். வாரத்துக்கு ஒரு தடவையா பூச்சி வரும்?

கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று. கவர் மேலே இருக்கிற விலாசம் என் கையெழுத்து இல்லை, பார்த்திருப்பாய். நான் எழுத உட்கார்ந்தேன். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக, பெரிதாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். உன் பெயரை மட்டும் எழுதுவார் என்று நினைத்தேன். அடையாளக் கார்டில் இருக்கிற மாதிரி முழுசாக எழுதினார்: யுகேந்திரன் ஏ/எல் ராமையா. அதாவது ராமையாவின் மகன். இடம் பத்தாமல் கடைசி எழுத்துகள் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கடிதம் போய்ச் சேர ரூம் நம்பர் போதுமேப்பா, உங்க பேர் எதுக்கு என்று கேட்டேன். அப்பா மை காய்கிற வரைக்கும் கவரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சாமி உன்னைக் காப்பாற்றட்டும். சீக்கிரம் வீட்டுக்கு வாண்ணே.

உன் அடிக்காகக் காத்திருக்கும் தங்கச்சி,
தினேஸ்வரி